முன் சக்கரம் கத்தாத நாள்

எங்கள் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் போட்ட சத்தம் முதலில் எனக்கு மட்டும்தான் கேட்டது. வண்டியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவருக்குக் கேட்கவில்லை. அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் இஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருப்பார். அது அரிசி மில் மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் பொருத்தியிருந்த சைடுகாரில், தரையை ஒட்டி, தாழ உட்கார்ந்திருப்பேன். முன் சக்கரம் எனக்குச் சற்று முன்னால், வலது காதுப் பக்கமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதில் ஒரு கல் ஒட்டிக்கொண்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் சைடுகாரைத் 'தொட்டி' என்பார்கள்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷங்கள் அவை. நாங்கள் புதுச்சத்திரத்தில் குடியிருந்தோம். அவருடைய அண்ணன் ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்தார். தோட்டம் தோட்டமாகப் போய், அங்கே மாடு வைத்துக் குடியிருப்பவர்களிடம் நெய் வாங்கிக் கொண்டுவந்து அண்ணன் கடையில் சேர்ப்பது இவர் வேலை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டியை அண்ணன் வாங்கித் தம்பியிடம் கொடுத்திருந்தார். தொட்டியில் நெய் டின்கள் வரும். மாதத்தில் ஒரு நாள் டின்களை இறக்கிவிட்டு நான் ஏறிக்கொள்வேன், சேலத்துக்குப் போக.

அப்போது எனக்கு ஐந்து மாதம் முடியும் தறுவாய். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் அந்த மாதத்திலேயே போய்விட்டன. சேலத்தில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்த லேடி டாக்டர், "கட்டை வண்டியில் ஏறக் கூடாது. பஸ்ஸிலும் ஏறக் கூடாது. குலுங்காமல் இருந்தால்தான் இது நிற்கும்" என்று சொல்லியிருந்தார். தொட்டிக்கு அடியில் வில் இருந்தது. மெதுவாகப் போனால் குலுக்கமே தெரியாது. அதனால் அதில் போவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு மாதமும் காட்ட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை.

எனக்கு இயல்பாகவே பயம் அதிகம். எட்டாவது வரை படித்தேன். பள்ளிக்கூடத்திலும் பதில் தெரிந்தால்கூடக் கையைத் தூக்க மாட்டேன். இரண்டு முறை அப்படி ஆன பிறகு எந்தச் சின்னச் சத்தமும் எனக்குக் கெட்டதற்கு அடையாளமாகப்பட்டது. அதனால் முன் சக்கரத்தின் சத்தத்தை முதலில் கேட்டபோது, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்றுதான் நினைத்தேன்.

முதலில் அது ஒரு மெல்லிய கீச்சு. பிரேக் பிடிக்கும்போது மட்டும், அதுவும் வண்டி நிற்கப் போகிற நேரத்தில். பிறகு மழை பிடித்த வாரங்களில், அவர் வாசலில் வந்து நிற்கும்போதே எனக்குக் கேட்கும் அளவுக்கு அந்தக் கீச்சு நீண்டது. புரட்டாசி கடைசியில் அதோடு இன்னொன்று சேர்ந்தது. அடி வயிற்றைக் கூசவைக்கிற மாதிரி 'கர்ர்' என்று ஒரு சுரண்டல். தீய்ந்த சட்டியை இரும்புக் கரண்டியால் வழிப்பது போல.

"ஏனுங்க, முன் சக்கரத்துல என்னமோ சுரண்டுதுங்க" என்று சொன்னேன்.

"அது செயினு."

"செயின் பின்னாலதானுங்க இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். "மெக்கானிக்கு ஆயிட்டியா அம்மிணி? உன்ற காதுல வண்டு பூந்திருக்குது. எண்ணெய் காச்சி ஊத்து."

ஆனாலும் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்து, ஒரு நாள் மத்தியானம் வண்டியைக் கொல்லையில் நிறுத்தி, இஞ்சினுக்கு அடியில் கல்லை அண்டக் கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். சக்கரத்தின் நடுவில் பெரிய சட்டி போல ஒன்று இருக்கும். அதற்கு டிரம் என்று பேர். அதற்குள்ளே இரண்டு பிரேக் கட்டைகள். கைப்பிடியை அழுத்தினால் கட்டைகள் விரிந்து டிரம்மின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். இவ்வளவும் அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னது.

அவர் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஒரு சத்தமும் இல்லை. "எங்க உன்ற கர்ரு?" என்றார். நான் உள்ளே போய் நெய் எடுக்கிற நீளக் கரண்டியைக் கொண்டுவந்தேன். அதன் காம்பை அச்சின் மேல் வைத்து, மறு முனையை என் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். நெய் கொதி அடங்கிவிட்டதா என்று பாத்திரத்தில் கரண்டியை வைத்துக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அச்சில் ஒன்றும் கேட்கவில்லை. டிரம்மை மூடியிருந்த தகட்டின் மேல் காம்பை வைத்துக்கொண்டு, "இப்போ பிரேக்கச் சித்தெ புடிங்க. முழுசா வேண்டாம்" என்றேன். பிடித்தார். கரண்டி வழியாக அந்தச் சுரண்டல் என் பல்லு வரைக்கும் வந்தது.

கரண்டியை அவரிடம் கொடுத்தேன். அவரும் காதில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள மண்ணுப் பூந்திருக்கும்" என்றார். "தீவாளிக்கு நெய் கேட்டு அண்ணன் நாலு பக்கமும் ஆள் உடறாரு. இப்போப் பிரிச்சுப் போட முடியாது. அடுத்த தடவை சேலம் போறப்ப அங்கயே காட்டிக்கலாம். பிரேக்கு நல்லாத்தான புடிக்குது?"

பிடித்தது. அதை நானும் மறுக்க முடியவில்லை. கத்திக்கொண்டு, சுரண்டிக்கொண்டு, ஆனால் பிடித்தது.

அடுத்த முறை சேலம் போன நாள் ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை. வழியில் ஒரு தோட்டத்தில் நெய் எடை பார்த்து வைத்துவிட்டு, திரும்பும்போது பின்சீட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று அவர் திட்டம். தோட்டத்து வாசலில் பிரேக் பிடித்ததும் சக்கரம் அலறிய அலறலில் நாய்கள் குரைத்தன; கட்டுத்தறியில் எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

வீட்டு அம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாய் நிறையப் பேசுகிறவர். "வா சாமி, வா. வயித்துப் புள்ளையோட இந்தத் தகர டப்பாவுலயா வந்தே?"

"இதுல குலுங்காதுங்க" என்றேன்.

"குலுங்காது, செரி. ஊரையே கூப்புடுதே! என்ற எருமை பயத்துல பாலை அடக்கிக்கிச்சுன்னா நாளைக்கு உன்ற ஊட்டுக்காரரையா கறக்கறது?"

என் வீட்டுக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிரேக்குங்க அக்கா. புடிச்சாக் கத்தும்."

"எதா இருந்தா என்ன, கத்தற வண்டியோட உங்கள அனுப்புனா ரோட்டுல பாக்கறவன் எங்க ஊட்டத்தான் பேசுவான்" என்று அந்த அம்மாள் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

அந்த அம்மாள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதை அப்போது புரிந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விருந்தாளி வண்டி வந்தால் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதும் தீவனம் போடுவதும் எப்படியோ, அப்படித்தான் கிளம்புவதற்குள் அச்சுக்கு எண்ணெய் போட்டு வைப்பதும். அதை யாரும் கேட்பதில்லை, செய்தவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் சொல்லிக் காட்டியதாகிவிடும். வறண்ட அச்சோடு, கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு வண்டி தங்கள் வாசலை விட்டுப் போவது அவர்களுக்குக் குறைச்சல். அந்த வீட்டில் அதற்கென்றே பண்ணையத்து ஆள் ஒருவர் இருந்தார். நாங்கள் உள்ளே நெய்யை முகர்ந்து பார்த்துக்கொண்டும் மோர் குடித்துக்கொண்டும் இருந்த நேரத்தில் அவர் தன் வேலையை முடித்துவிட்டார்.

நாங்கள் கிளம்பியபோது தொட்டியில் ஏறி உட்கார்ந்ததும் விளக்கெண்ணெய் வாடை வந்தது. அந்த நாட்களில் எனக்கு எந்த வாடையும் ஆகாது. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் தலைக்கு வைத்திருந்த எண்ணெய் என் மேல் ஒட்டிக்கொண்டதாக நினைத்தேன்.

மெயின் ரோட்டில் திரும்பும் இடத்தில் அவர் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். சத்தமே இல்லை. கீச்சும் இல்லை, சுரண்டலும் இல்லை.

"பாத்தியா?" என்று கத்தினார். "தானாவே செரியாப் போச்சு! மண்ணுத்தான். வாசல்ல புடிச்ச புடியில உதுந்து போச்சு."

எனக்கும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மைல் தூரம் அந்த நிம்மதியிலேயே போனேன். பிறகுதான் மெதுவாகச் சந்தேகம் வந்தது. ஒருவரும் கை வைக்காமல் ஒரு கோளாறு எப்படிச் சரியாகும்? இரண்டு மாதமாக நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்த சத்தம், ஒரே வாசலில் எப்படி அற்றுப் போகும்? விளக்கெண்ணெய் வாடையும் போகவில்லை. குறையவும் இல்லை. சூடு ஏறின எண்ணெயின் வாடையாக மாறிக்கொண்டு வந்தது. அது என் மேலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து காற்றோடு வந்தது.

குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். டிரம்முக்குக் கீழே கம்பிகளில் ரோட்டுப் புழுதி கறுப்பாக, ஈரமாக அப்பியிருந்தது. மற்ற இடங்களில் புழுதி வெள்ளையாக இருந்தது. டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு கோழி இறகின் துண்டு ஒட்டிக்கொண்டு ஆடியது. வண்டி அச்சுக்கு எண்ணெய் தொட்டு வைக்கிற இறகு.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உடனே வாய் திறக்கவில்லை. இத்தனை நாள் 'சத்தம், சத்தம்' என்று நச்சரித்தவள், இப்போது 'சத்தம் இல்லை' என்று எப்படிச் சொல்வது? அதற்குள் சேலத்து மலைகள் தெரியத் தொடங்கின. அந்த இடத்தில் ரோடு ஒரு ஓடைப் பாலத்தை நோக்கி நீளமாக இறங்கும்.

"ஏனுங்க, ஒருக்கா முன் பிரேக்க மட்டும் புடிச்சுப் பாருங்க!"

"எதுக்கு?"

"புடிங்க!"

"கத்துனாலும் பயம், கத்தலீன்னாலும் பயம். உன்னைய வெச்சுக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே பிடித்தார். கைப்பிடி எப்போதும் போல் கெட்டியாக நின்றது. உள்ளே கட்டைகள் எண்ணெயில் வழுக்கின; வண்டிதான் நிற்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன விதத்தை நான் பார்த்தேன். மறுபடி பிடித்தார். இறக்கம் தொடங்கிவிட்டது.

கீழே எங்களுக்கு முன்னால் பருத்திப் பொதி ஏற்றிய கட்டை வண்டி ஒன்று நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எதிரே இன்னும் சில வண்டிகள் ஏறி வந்தன. அவர் கியரைக் குறைத்தார். காலால் பின் பிரேக்கை மிதித்தார். பின் பிரேக் மட்டும் பிடித்தால் தொட்டி வண்டி நேராக நிற்காது. எதிர் வண்டிகள் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். பருத்திப் பொதி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆரனை அடித்தார். பொதியின் மேல் படுத்திருந்த வண்டிக்காரர் அசையவில்லை. கடைசியில் இடது பக்கம் ஒடித்தார். என் பக்கத்துச் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, மழைத் தண்ணீர் கொண்டுவந்து குவித்திருந்த மணலில் புதைந்தது. வண்டி ஒரே ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

அந்த ஒரு உலுக்கல்தான். நான் கீழே விழவில்லை, எங்கும் அடிபடவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். இடுப்பின் அடியில் ஒரு வலி வந்து, நின்று, மறுபடி வந்தது. முன் இரண்டு முறையும் அப்படித்தான் தொடங்கியது.

அவர் ஓடி வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, வலிக்குதா? சொல்லு, வலிக்குதா?"

"எண்ணெய் ஊத்தீட்டாங்க" என்றுதான் என் வாயில் வந்தது. "தோட்டத்துல. வண்டிக்குப் போடறாப்பல எண்ணெய் ஊத்தீட்டாங்க."

அவர் சக்கரத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

பருத்தி வண்டிக்காரர் இப்போது விழித்துக்கொண்டு மாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எதிரே வந்தவர்களும் கூடினார்கள். என்னை இறக்கி, பருத்திப் பொதி ஒன்றைப் போட்டுச் சாய்த்தார்கள். அந்நிய ஆண்களுக்கு நடுவில் படுத்திருக்க எனக்கு உயிர் போனது. ஆனால் எழுந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"என்ற வண்டியில ஏத்துங்க, சேலத்துல உட்டர்றேன்" என்றார் வண்டிக்காரர்.

"கட்டை வண்டி கூடாதுன்னு டாக்டர் சொல்லீருக்காங்க" என்று இவர் சொன்னார். "பிரிச்சுத் தொடைச்சாப் புடிக்கும். ஒரு கை குடுங்க."

எல்லாரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி அடியில் கல்லை வைத்தார்கள். அவர் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்த பிரேக் கட்டைகள் நெய்ப் பாத்திரத்தில் முக்கி எடுத்தவை போல மினுங்கின. துண்டைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னொன்றும் தெரிந்தது. கட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை தேய்ந்து காகிதமாக இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் செம்பு ரிவிட்டுகள் வெளியே வந்து, புதுக் காசு மாதிரி பளபளத்தன. டிரம்மின் உள்ளே அவை கீறிய கோடுகள் வட்டம் வட்டமாக ஓடின.

அவர் அதை எடுத்து வந்து எனக்குக் காட்டினார். "நீ சொன்ன கர்ரு இதுதான். பட்டை போயிருச்சு. ரிவிட்டு சுரண்டீருக்குது." பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கட்டைகளின் மேல் பெட்ரோல் தெளித்துத் தீக்குச்சி கிழித்துப் போட்டார். எண்ணெய் புகைந்து எரிந்தது. அணைந்ததும் மறுபடி தெளித்து, மறுபடி எரித்து, கருங்கல்லில் தேய்த்தார். வண்டிக்காரர் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்க வண்டிக்கு எண்ணெய் போட்டா மாடு சந்தோசப்படும். உங்க வண்டிக்குப் போட்டா எமன் சந்தோசப்படுவானாட்ட இருக்குது."

"ஊத்துனவங்க நல்லதுக்குத்தான் ஊத்துனாங்க" என்றார் இவர்.

"அது தெரியுதுங்க. கெட்டதுக்குன்னா இத்தன எண்ணெய ஆரு செலவு பண்றா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் என் வயிற்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாட்களாக உள்ளே லேசாக ஒரு புரளல் தெரிந்துகொண்டிருந்தது. அந்த உலுக்கலுக்குப் பிறகு அது இல்லை. கையை வைத்தேன், இடம் மாற்றி வைத்தேன். இல்லை.

சக்கரத்தை மாட்டி, தள்ளிப் பார்த்து, பிரேக் பிடித்தார். வீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. சேலம் வரைக்கும் அந்தச் சத்தத்தோடு, மாட்டு வண்டியை முந்தாமல் போனோம். வலி விட்டு விட்டு வந்தது. அவர் ஒவ்வொரு மேட்டிலும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

டாக்டர் என்னைப் படுக்க வைத்து, மரக்குழல் ஒன்றை வயிற்றில் வைத்து அதில் காதை அழுத்திக் கேட்டார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு எறும்பு வரிசை போனது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கம்பியின் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"இருக்கு" என்றார் டாக்டர். "நன்றாக இருக்கு. ஆனால் வலி நிற்கும் வரை நீ இந்தக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் நான் பொறுப்பில்லை."

அன்று மாலை வலி நின்றது. மறுநாள் காலை ஒரு புரளல் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம். சேலத்திலேயே, அம்மாபேட்டையில் இருந்த என் பெரியம்மா மகள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே நூல் கடை.

டாக்டர் போகலாம் என்று சொன்ன நாளில் என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். பெண்கள் இருக்கும் இடத்துக்குள் அவரை விடமாட்டார்கள். கையெல்லாம் கறுப்பு. "புதுப் பட்டை போட்டாச்சு. டிரம்மையும் பட்டறையில குடுத்துக் கடைஞ்சு வாங்கிட்டேன். போலாமா?"

நான் கட்டிலை விட்டு எழாமல் இருந்ததும், "இரு, காட்டறேன்" என்றார். தெருக்கோடிக்குப் போய் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு நேராகப் பிரேக் பிடித்தார். சத்தம் இல்லாமல், கோணாமல், வைத்த இடத்தில் நின்றது.

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து பார்த்தாள். "உன்ற ஊட்டுக்காரர் சர்க்கஸ்ல இருக்காரா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் ஜன்னலுக்கு வந்தார். "பாத்தியா? சத்தமே இல்ல."

சத்தம் இல்லைதான். சரியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தை விட்டு வந்தபோதும் சத்தம் இல்லை.

"நான் ஊட்டுக்கு வல்லீங்க" என்றேன்.

"ஏன்? இன்னும் எதுல கோளாறு?"

"ஒண்ணுலயும் இல்லீங்க. புள்ள பொறக்கற வரைக்கும் அக்கா ஊட்டுல இருந்துக்கறேன். அம்மாபேட்டையில. இங்கிருந்து தூக்கீட்டுக்கூடப் போயிருவாங்க."

அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொல்லியிருந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"நான் வல்லேன்னு சொன்னேன்னு சொல்லுங்க."

"செரி. சீலையெல்லாம் நாளைக்குக் கொண்டாந்து தாரேன்" என்றார். "வேற என்ன வேணும்?"

மகள் மாசியில் பிறந்தாள். அதுவரை அவர் வாரம் தவறாமல் நெய் எடுத்துக்கொண்டு அம்மாபேட்டைக்கு வருவார். அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் தறிகள். பகல் முழுதும் ஓயாத சத்தம். அதற்குள்ளும் அவர் வண்டி திரும்புவது எனக்குத் தெரியும். பாயில் படுத்தபடி, பிரேக் பிடிக்கிற அந்த இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மூச்சை விட்டு, "அக்கா, அவரு வந்துட்டாரு" என்பேன்.